கழுத்தின் நடுவே ஒரு உருண்டை: தைரோகுளோசல் நீர்க்கட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகனுக்கு நான்கு வயது இருக்கும்போது ஒருநாள் குளிப்பாட்டிவிட்டுத் துண்டால் துடைக்கையில், தாடைக்குக் கீழே கழுத்தின் நடுவில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு உருண்டை கைக்குத் தட்டுப்பட்டது. தொட்டால் வலிக்கவில்லை என்றான். அதன் பெயரை நான் சரியாகத் தெரிந்துகொள்ளவே ஏழெட்டு மாதம் ஆயிற்று. அந்த இடைவெளியில் நடந்த ஒரு தவறால் அவனுக்கு வீண் வேதனை. அதற்குப் பிறகு தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பல பெற்றோர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. படித்ததும், மருத்துவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெளிந்ததும் இது. உங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியது உங்கள் டாக்டர்தான்.

முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் இரண்டே விஷயங்களை மனதில் வையுங்கள். ஒன்று, அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் தைராய்டு சுரப்பி அதன் இடத்தில் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்த்தாக வேண்டும். இரண்டு, கட்டியை மட்டும் எடுத்தால் போதாது. அதோடு ஒட்டியிருக்கும் சிறு எலும்பின் நடுப்பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

இது என்ன கட்டி? தமிழில் இதற்கு என்ன பெயர்?

மருத்துவர்கள் தைரோகுளோசல் சிஸ்ட் என்பார்கள். தைராய்டு சுரப்பி கருவில் உருவாகும்போது பயன்பட்ட ஒரு மெல்லிய குழாய், மறைய வேண்டிய காலத்தில் மறையாமல் தங்கி, அதில் நீர் சேர்ந்து உருண்டையாவது. வீட்டுப் பேச்சில் இதற்கென்று தனிப் பெயர் எதையும் நான் கேட்டதில்லை. கழலை என்பார்கள், நெறி கட்டியிருக்கிறது என்பார்கள். இரண்டும் வேறு. கழலை என்பது தைராய்டு சுரப்பியே வீங்குவது. நெறி கட்டுவது சளி, பல்வலி, தலையில் புண் என்று ஏதாவது வரும்போது நிணநீர் முடிச்சு வீங்குவது. நம்முடையது பிறவியிலேயே வந்த நீர்க்கட்டி. கழுத்தின் நடுக்கோட்டில் வரும் பிறவிக் கட்டிகளில் இதுதான் அதிகம்.

தைராய்டு இருப்பது கழுத்தில். அதற்கும் நாக்குக்கும் என்ன சம்பந்தம்?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தைராய்டு சுரப்பி கழுத்தில் பிறப்பதில்லை. கரு உருவாகி ஏறக்குறைய 24ஆம் நாளில், நாக்கு வரப்போகும் இடத்தின் அடியில் ஒரு சின்ன மொட்டாகத் தோன்றுகிறது. நாளமில்லாச் சுரப்பிகளில் முதலில் தோன்றுவதே இதுதான். அங்கிருந்து கழுத்தின் நடு வழியே கீழே இறங்கிக்கொண்டே வந்து, ஏழாவது வாரத்தில் குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயின் முன்னால் தன் இடத்தை அடைகிறது. கிணற்றில் வாளி இறங்கும்போது கயிறும் கூடவே நீளுகிற மாதிரி, சுரப்பி இறங்க இறங்க அதற்கும் நாக்கின் அடிக்கும் நடுவே ஒரு மெல்லிய குழாய் நீளுகிறது. வாளி போய்ச் சேர்ந்த பிறகு கயிற்றுக்கு வேலை இல்லை. எட்டிலிருந்து பத்தாவது வாரத்துக்குள் அந்தக் குழாய் சுருங்கி மறைந்துவிட வேண்டும்.

அது தொடங்கிய இடத்தின் அடையாளம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. நாக்கின் பின்பகுதியில், நடுவில், ஒரு சின்னப் பள்ளம். குழாயின் கீழ் நுனியும் பலருக்குத் தைராய்டின் மேல் ஒரு சிறு கூர் மடலாக நின்றுவிடுகிறது. அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. இந்தக் குழாயை விவரித்தவர் வில்ஹெல்ம் ஹிஸ் என்ற சுவிட்சர்லாந்து உடற்கூறியலாளர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்.

நூறு பேரில் ஏழு பேருக்காவது இந்தக் குழாயின் ஏதோ ஒரு துணுக்கு மறையாமல் இருக்கும் என்று இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க எதுவும் தெரிவதே இல்லை. சிலருக்கு மட்டும் உள்சுவரில் இருந்து கசியும் நீர் சேர்ந்து கட்டியாகிறது.

வழியில் ஹயாய்டு என்ற எலும்பு இருக்கிறது. நாவடி எலும்பு என்று தமிழில் எழுதுகிறார்கள். குதிரை லாடம் போன்ற வடிவம், உடம்பில் வேறு எந்த எலும்போடும் மூட்டாகச் சேராமல் தசைகளில் தொங்கும் எலும்பு. நம் குழாய் இந்த எலும்பின் நடுப்பகுதியை ஒட்டியே போகிறது. சிலருக்கு அதன் பின்னால் வளைந்தும் செல்லும். இந்த எலும்பை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

நான் கர்ப்பமாக இருந்தபோது செய்த ஏதாவது காரணமா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்காத அம்மாவை நான் பார்த்ததில்லை, நானும் கேட்டேன். கிரகணத்தன்று வெளியே வந்தாயா, கத்தரிக்கோல் எடுத்தாயா என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. சாப்பிட்டது, சாப்பிடாதது, பயணம், வேலை, அழுகை, எதுவும் காரணமில்லை. அயோடின் உப்பு குறைந்ததாலும் வருவதில்லை, அதனால் வருவது கழலை. உங்களை யாராவது குற்றம் சொன்னால் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

பிறவிக் கட்டி என்றால் பிறந்தபோதே ஏன் தெரியவில்லை?

பிறவியில் இருந்தது குழாயின் துணுக்கு, கட்டி அல்ல. அதில் நீர் சேர நாளாகும். பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் வயதுக்கு முன்னாலோ, பத்து வயதுக்குள்ளோ தெரியவரும். குழந்தையின் கழுத்துக் கொழுப்பு வற்றும்போது திடீரென்று எடுப்பாகத் தெரியும். சளிக் காய்ச்சல் வந்து போன கையோடு வீங்கித் தெரிவதும் மிக சகஜம். இருபது, முப்பது, அறுபது வயதில் முதல்முறை தெரிந்தவர்களும் உண்டு. ஆண், பெண் இருவருக்கும் ஏறக்குறைய சமமாகவே வருகிறது.

இந்தக் கட்டிதானா என்று வீட்டில் பார்க்க முடியுமா?

ஓரளவுக்கு. கழுத்தின் நடுக்கோட்டிலோ, அதற்கு மிக அருகிலோ இருக்கும். வழவழப்பான உருண்டை, வலி இருக்காது. குழந்தையை ஒரு வாய் தண்ணீர் விழுங்கச் சொன்னால் மேலே ஏறி இறங்கும். அப்புறம் வாயைத் திறந்து நாக்கை நன்றாக வெளியே நீட்டச் சொல்லுங்கள். அப்போதும் மேலே ஏறினால் இந்தக் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். காரணம் மேலே சொன்னதுதான்: அது நாக்கின் அடியோடும் நாவடி எலும்போடும் இணைந்திருக்கிறது, நாக்கை நீட்டினால் கயிற்றை இழுத்த மாதிரி மேலே போகிறது.

என் மகனுக்கு இதை ஒரு விளையாட்டாகச் செய்து காட்டினார் டாக்டர். ஆனால் ஏறவில்லை என்பதால் இது இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சின்னக் கட்டி, சீழ் பிடித்த கட்டி எல்லாம் அசையாமல் இருக்கலாம். அடிக்கடி அழுத்திப் பார்ப்பதும் வேண்டாம். வருகிற உறவினர்கள் எல்லாம் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அதைத் தடுத்துவிடுங்கள்.

வேறு என்னவாக இருக்கலாம்?

நடுவில் இருந்தால் டெர்மாய்டு கட்டி, நிணநீர் முடிச்சு, தைராய்டிலேயே வந்த கட்டி. டெர்மாய்டு என்பதும் பிறவியில் வருவதுதான். தோலின் துணுக்குகள் உள்ளே மாட்டிக்கொண்டு, கெட்டியான வெண்ணெய் போன்ற பொருள் நிறைந்திருக்கும். தொட்டுப் பார்த்து இரண்டையும் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே கஷ்டம். கழுத்தின் பக்கவாட்டில், காதுக்குக் கீழே இருந்து இறங்கும் தசையை ஒட்டி இருந்தால் அது வேறு வகைப் பிறவிக் கட்டி, கதையும் வேறு. கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமாக, இறங்காமல் பாதி வழியில் நின்றுபோன தைராய்டு சுரப்பியே கட்டி போலத் தெரியலாம்.

எந்த டாக்டரிடம் போவது? என்ன சோதனை எடுப்பார்கள்?

முதலில் குழந்தை மருத்துவர். அவர் குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சை நிபுணரிடமோ காது மூக்கு தொண்டை நிபுணரிடமோ அனுப்புவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த நிபுணர்கள் இருக்கிறார்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை உண்டு. காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்பதைச் சேரும் முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சோதனை என்று பார்த்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் முக்கியம். வயிற்றில் குழந்தையைப் பார்த்த அதே ஸ்கேன். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை. கூடவே ரத்தத்தில் டி.எஸ்.ஹெச். பார்ப்பார்கள், தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோனின் அளவு அது. சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேவைப்படாது.

ஸ்கேனில் தைராய்டு இருக்கிறதா என்று ஏன் பார்க்க வேண்டும்? கட்டியைப் பார்த்தால் போதாதா?

போதாது. மேலே சொன்ன பயணம் சிலருக்குப் பாதியில் நின்றுவிடும். அப்போது சுரப்பி நாக்கின் அடியிலோ கழுத்தின் நடுவிலோ தங்கிவிடுகிறது. அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு உடம்பில் வேறு தைராய்டே கிடையாது. வெளியே பார்த்தால் நம் கட்டியைப் போலவே தெரியும். அதை நீர்க்கட்டி என்று நினைத்து வெட்டி எடுத்துவிட்டால், குழந்தையின் ஒரே தைராய்டை எடுத்துவிட்டோம் என்று அர்த்தம். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க தினமும் மாத்திரை.

இது அடிக்கடி நடப்பதல்ல. இப்படிப்பட்ட கட்டிகளில் நூற்றில் ஒன்றிரண்டு. ஆனால் ஒரு எளிய ஸ்கேன் தடுக்கக்கூடிய தவறு இது. ஸ்கேன் அறிக்கையில் தைராய்டு வழக்கமான இடத்தில், வழக்கமான அளவில் இருக்கிறது என்று ஒரு வரி இருக்க வேண்டும். அறிக்கை கையில் வந்ததும் அந்த வரியைத் தேடுங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள், தயங்காதீர்கள். தைராய்டு அங்கே தெரியவில்லை என்றாலோ டி.எஸ்.ஹெச். கூடுதலாக இருந்தாலோ, டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு ஊசியில் செலுத்தி ஸ்கேன் எடுத்து சுரப்பி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள்.

வலியும் இல்லை, வளரவும் இல்லை. அப்படியே விட்டுவிடலாமா?

தீ பற்றிக்கொண்ட அவசரம் இல்லை. தேர்வு முடியட்டும், விடுமுறை வரட்டும் என்று காத்திருப்பதில் தவறில்லை. ஆனால் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் எடுத்துவிடுவதே நல்லது என்கிறார்கள். காரணம், சீழ் பிடிப்பது. குழாயின் மேல் முனை நாக்கின் அடியோடு தொடர்பில் இருப்பதால் வாயில் இருக்கும் கிருமிகள் இறங்கி வந்துவிடும். ஒருமுறை சீழ் பிடித்தால் சுற்றியுள்ள தசை எல்லாம் ஒட்டிக்கொண்டு, பிறகு செய்யும் அறுவைச் சிகிச்சை கடினமாகிறது, மறுபடி வரும் வாய்ப்பும் கூடுகிறது.

பச்சிளம் குழந்தைக்கு மட்டும் கதை வேறு. அபூர்வமாகக் கட்டி நாக்கின் அடியிலேயே இருக்கும், வெளியே தெரியாது. மூச்சு இழுக்கும்போது சத்தம், பால் குடிக்கத் திணறல் என்று காட்டும். அது அவசரம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கட்டி சிவந்து வீங்கி வலிக்கிறது. சீழைக் கீறி எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

எங்கள் வீட்டில் நடந்த தவறு இதுதான். மகனுக்குக் காய்ச்சல் வந்து, கட்டி சிவந்து எலுமிச்சை அளவுக்கு வீங்கியது. அவசரத்தில் பக்கத்தில் இருந்த ஓர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சீழ்க்கட்டி என்று சொல்லிக் கீறிவிட்டார்கள். ஸ்கேன் எடுக்கவில்லை. காய்ச்சல் விட்டது, வீக்கம் வடிந்தது, நாங்களும் நிம்மதியாகத் தூங்கினோம். ஆனால் கீறிய இடம் மூடவே இல்லை. ஊசி முனை அளவுக்கு ஒரு துளை, அதில் இருந்து பிசுபிசுப்பாக ஏதோ கசிந்துகொண்டே இருந்தது. மூடிவிட்டது என்று நினைத்தால் பத்து நாளில் மறுபடி வீங்கி உடையும். ஐந்து மாதம் அவன் சட்டைக் காலர் காய்ந்ததே இல்லை. பள்ளியில் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒரு பிள்ளை சொன்னதாக வந்து அழுதான்.

பிறகு தெரிந்துகொண்டது: இந்தக் குழாய்க்கு இயல்பாகத் தோலில் வாசல் கிடையாது. தானாக உடைந்தாலோ கீறினாலோதான் வாசல் உண்டாகிறது. புரையோடிய புண் என்று நம் பக்கம் சொல்வது இதைத்தான். உள்ளே குழாய் இருக்கும்வரை அந்த வாசல் மூடாது.

சீழ் பிடித்தால் முதலில் ஆன்டிபயாட்டிக். சீழ் மிகவும் சேர்ந்திருந்தால் ஊசியால் உறிஞ்சி எடுப்பதே முதல் வழி. அதற்கும் அடங்காமல் போனால் மட்டும் சிறிதாகக் கீறுவார்கள். சில நேரம் அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அது முழுச் சிகிச்சை அல்ல. வீக்கம் முழுவதும் அடங்கி, சில வாரங்கள் கழித்துச் சரியான அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். காய்ச்சலோடு மூச்சுத் திணறல், எச்சில்கூட விழுங்க முடியாமை, கழுத்தைத் திருப்ப முடியாமை இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடலாமா? மருந்தில் கரையுமா?

பற்று தோலின் மேல் நிற்கும். கட்டி தசைக்கு அடியில், எலும்பை ஒட்டி இருக்கிறது. சுண்ணாம்பு குழந்தையின் மெல்லிய தோலைப் பொத்துவிடும், அந்தப் புண் வழியாக வேறு கிருமியும் சேரும். சூடு போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், குழந்தைக்குச் செய்யும் கொடுமை அது. எந்த மருந்து சாப்பிட்டும் இந்தக் குழாய் கரைவதில்லை. நடுவில் சில நாள் கட்டி சிறிதாகும், அது தானாகவே ஏறி இறங்கும் சுபாவம். அந்த நேரத்தில் எந்த மருந்து கையில் இருந்ததோ அதற்குப் பேர் போய்விடுகிறது.

அறுவைச் சிகிச்சை தாங்க முடியாத உடல்நிலையில் இருக்கும் பெரியவர்களுக்குச் சில இடங்களில் நீரை உறிஞ்சிவிட்டு ஆல்கஹால் ஊசி போட்டுச் சுருங்கச் செய்கிறார்கள். குழந்தைகளுக்கு அது முதல் வழி அல்ல.

கட்டியை எடுக்க எலும்பையே வெட்ட வேண்டுமா? பயமாக இருக்கிறதே!

எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. நான்கு வயதுப் பையனின் கழுத்து எலும்பை வெட்டுவதா என்று கேட்டேன். அந்த டாக்டர் பொறுமையாக ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார்.

கட்டி ஒரு கிழங்கு என்றால் அதற்கு மேலே வேர் இருக்கிறது. அந்த வேர் நாவடி எலும்பை ஒட்டி, சில நேரம் கண்ணுக்குத் தெரியாத கிளைகளோடு, நாக்கின் தசைக்குள் போகிறது. கிழங்கை மட்டும் பிடுங்கினால் வேர் மறுபடி துளிர்க்கும். வெறும் கட்டியை மட்டும் எடுத்த காலத்தில் ஏறக்குறைய இரண்டில் ஒருவருக்கு அது திரும்ப வந்தது. 1893இல் ஷ்லாங்கே என்ற ஜெர்மானிய அறுவைச் சிகிச்சை நிபுணர் எலும்பின் நடுப்பகுதியையும் சேர்த்து எடுக்கச் சொன்னார். அப்போது ஐந்தில் ஒருவர் என்று குறைந்தது. 1920இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்த வால்டர் சிஸ்ட்ரங்க், எலும்பின் நடுத்துண்டோடு நிற்காமல், அதற்கு மேலே நாக்கின் அடிப் பள்ளம் நோக்கிப் போகும் தசையில் ஒரு தண்டு அளவுக்குச் சேர்த்து எடுக்கும் முறையை எழுதி வெளியிட்டார். குழாயைத் தேடிப் பிரித்தெடுக்க முயன்றால் அறுந்துவிடும், சுற்றியுள்ள தசையோடு அப்படியே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய அணுகுமுறை.

நூறு வருடம் தாண்டியும் இன்றைக்கும் அதே முறைதான், பெயரும் சிஸ்ட்ரங்க் ஆபரேஷன். இதைச் சரியாகச் செய்தால் நூற்றில் ஐந்து பேர் அளவில்தான் திரும்ப வருகிறது. ஆகவே டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "சிஸ்ட்ரங்க் முறையில் செய்யப்போகிறீர்களா டாக்டர், எலும்பின் நடுப்பகுதியையும் எடுப்பீர்களா?" இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நான் கேட்டபோது அந்த டாக்டர் சந்தோஷப்பட்டார்.

எலும்பை எடுத்த பிறகு பேச, சாப்பிட முடியுமா?

முடியும். எடுப்பது முழு எலும்பை அல்ல, நடுவில் ஒரு சென்டிமீட்டர் சுமாருக்கு ஒரு துண்டு. இரு பக்கமும் தசைகள் பிடித்திருப்பதால் பேச்சு, பாட்டு, விழுங்குவது எதிலும் நிரந்தரக் குறை வருவதில்லை. முதல் சில நாட்கள் விழுங்கும்போது வலிக்கும், அவ்வளவுதான்.

அறுவைச் சிகிச்சை அன்று என்ன நடக்கும்?

முழு மயக்கம் கொடுப்பார்கள். அதனால் வெறும் வயிறு மிக முக்கியம். பொதுவாக, சாப்பாடு ஆறு மணி நேரம் முன்பே நிற்க வேண்டும், தாய்ப்பால் நான்கு மணி நேரம், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம். உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரக் கணக்கே இறுதியானது. அழுகிறான் என்று பாட்டி ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆபரேஷனைத் தள்ளி வைப்பார்கள், பரவாயில்லை. வயிற்றில் உணவோடு மயக்கம் கொடுத்தால் அது நுரையீரலுக்குப் போகும் ஆபத்து இருக்கிறது.

சளி, இருமல் இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கழுத்து மடிப்பு ஓரமாகக் குறுக்கே ஒரு கீறல். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகலாம். வெளியே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது ஒரு யுகம், யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது கழுத்தில் மெல்லிய ரப்பர் குழாய் இருக்கலாம், உள்ளே கசியும் ரத்தம் தேங்காமல் வடிவதற்காக. ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு?

முதல் வாரம் குழைந்த சாதம், தயிர்சாதம், இட்லி, கஞ்சி. முறுக்கு, தோசை ஓரம் மாதிரி மொறுமொறுப்பானவை கொஞ்சம் பொறுக்கட்டும். காயத்தை டாக்டர் சொல்லும்வரை நனைக்க வேண்டாம். ஓட்டம், சைக்கிள், மல்லுக்கட்டு எல்லாம் இரண்டு மூன்று வாரம் கழித்து. கழுத்து வேகமாக வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ அது உள்ளே ரத்தம் கசிவதாக இருக்கலாம், ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல், காயம் சிவத்தல், சீழ் என்றால் அன்றைக்கே காட்டுங்கள். தழும்பு முதல் சில மாதம் சிவந்து தடித்துத் தெரியும், பிறகு மடிப்போடு மடிப்பாகப் போய்விடும்.

பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கிறார்கள். புற்றுநோயா?

எடுத்த கட்டியை எல்லோருக்கும் அனுப்புவார்கள், சந்தேகம் இருப்பதால் அல்ல. இந்தக் கட்டியில் புற்றுநோய் வருவது நூற்றில் ஒன்று என்ற அளவு, அதுவும் பெரும்பாலும் பெரியவர்களுக்கு. கட்டியின் சுவரில் தைராய்டு திசு கொஞ்சம் ஒட்டியிருக்கும், அதில் இருந்து வருவதால் அநேகமாக பாப்பில்லரி என்ற வகை, நன்றாகக் குணமாகும் வகை. ஆனாலும் அறிக்கையை வாங்காமல் விட்டுவிடாதீர்கள். தையல் பிரித்த சந்தோஷத்தில் பலர் அந்தக் காகிதத்தை மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு 38 வயது. இப்போதுதான் தெரிகிறது. எனக்கும் இதே சிகிச்சைதானா?

ஆமாம், அதே ஆபரேஷன்தான். ஆனால் பெரியவர்களுக்குக் கழுத்தில் கட்டி என்றால் மற்ற காரணங்களையும் தேட வேண்டும், அதனால் ஊசியால் சிறிது உறிஞ்சி எடுத்துச் சோதிப்பதும், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேனும் சேரும். கட்டி கெட்டியாக இருந்தால், திடீரென வளர்ந்தால், குரல் மாறினால் தள்ளிப்போடாதீர்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வாழ்நாள் முழுக்க தைராய்டு மாத்திரை சாப்பிட வேண்டுமா?

தைராய்டு சுரப்பி அதன் இடத்தில் நல்லபடியாக இருந்தால் வேண்டாம். இந்த ஆபரேஷன் அதைத் தொடுவதே இல்லை.

ஒரு பிள்ளைக்கு இருந்தால் தம்பி, தங்கைக்கும் வருமா?

பெரும்பாலும் இல்லை. ஒரே குடும்பத்தில் பலருக்கு வந்த குடும்பங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன, ஆனால் மிக அரிது. என் மகளுக்கு வரவில்லை. இருந்தாலும் குளிப்பாட்டும்போதெல்லாம் கை தானாகக் கழுத்துக்குப் போகும். அது அம்மாவின் கை.

ஆபரேஷன் முடிந்த பிறகும் மறுபடி வந்தால்?

வந்தால் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே தெரிந்துவிடும். தழும்பின் அருகே வீக்கமோ கசிவோ வரும். முன்பு சீழ் பிடித்தவர்களுக்கும், எலும்பை எடுக்காமல் செய்துகொண்டவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். அப்போதும் வழி இருக்கிறது: மறுபடி ஸ்கேன் எடுத்து, முதல் முறை விட்டுப்போனதை, நாக்கின் அடி வரை இன்னும் அகலமாகத் தசையோடு எடுப்பார்கள். இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம் என்பதால், இதை அடிக்கடி செய்து பழகியவரிடம் போவது நல்லது. போகும்போது முதல் ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சுருக்கம், பயாப்ஸி அறிக்கை, பழைய ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். எலும்பை எடுத்தார்களா இல்லையா என்பதைத்தான் புது டாக்டர் முதலில் தேடுவார். பயாப்ஸி அறிக்கையில் எலும்புத் துண்டு வந்ததாக எழுதியிருந்தால் அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.